அறுபதுக்கு மேல் ஒரு தொழில்

ஆண்டிபட்டிப் பக்கத்து நெசவாளர் சங்கமாயினும், கம்பம் பள்ளத்தாக்கின் விவசாயிகள் சங்கமாயினும், மகாசபைக் கூட்டங்களில் ஒரு காட்சி தவறுவதில்லை. நரைத்த தலைகள் முன்வரிசையில் இருக்கும். பேச்சோ பின்வரிசையிலிருந்து வரும். பெரியவர்களைக் கேட்டால், "நமக்கென்ன தம்பி, காலம் முடிந்தது, பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள்" என்பார்கள். இவ்விடை இன்றைக்குப் பொருந்துமா என்று அங்கத்தினர்கள் சிந்திக்க வேண்டும்.

1950ஆம் ஆண்டையொட்டி இந்தியரின் சராசரி ஆயுள் சுமார் 32 ஆண்டுகள். இன்று அது சுமார் 70. அன்று சராசரி தாழ்ந்திருந்ததற்குச் சிசு மரணம் பெருங்காரணம். அறுபது கண்ட பெரியவர்கள் அக்காலத்திலும் உண்டு. ஆயினும் அவர்கள் சிலரே. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டு மக்களில் பத்தில் ஒருவர் 60 வயதை எட்டியவர். அறுபதுக்குப் பின்னும் பதினைந்து, இருபது ஆண்டுகள் பலருக்குக் கிடைக்கின்றன. தென்னம்பிள்ளை நட்டுக் காய் பறிக்க அக்காலம் போதும். முதிய நெசவாளர்க்கு ஓய்வூதியத் திட்டம் உண்டு. அது வயிற்றுக்கு உதவும். பொழுதுக்குப் பொருள் தர வேறொன்று வேண்டும்.

இதற்குச் சான்று தேடித் தொலைவு செல்ல வேண்டியதில்லை. கண் மருத்துவர் கோ. வெங்கடசாமி 1918இல் வடமலாபுரம் என்னும் சிற்றூரில் பிறந்தவர். இளமையிலேயே முடக்குவாதம் தாக்கி அவர் விரல்கள் கோணிவிட்டன. அவ்விரல்களைக் கொண்டே அறுவைச் சிகிச்சை பயின்று, மதுரையில் அரசுப் பணியாற்றி, 58ஆம் வயதில் ஓய்வு பெற்றார். ஓய்வு பெற்ற 1976ஆம் ஆண்டிலேயே, உடன்பிறந்தோர் துணையுடன் 11 படுக்கைகளோடு மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். 1985இல் தேனியில் அதன் கிளை எழுந்தபோது அவருக்கு வயது அறுபதுக்கு மேல். 1992இல், கண்ணுள் பொருத்தும் செயற்கை வில்லையைக் குறைந்த விலையில் செய்யும் தொழிற்கூடம் ஏற்பட்டபோது எழுபதையும் கடந்துவிட்டார். 2006இல் காலமானார். இப்பணியெல்லாம் ஓய்வுக்குப் பிந்தியதே.

எல்லோரும் மருத்துவமனை கட்ட இயலாது என்பது உண்மை. ஆனால் அவருடைய முதுமைப் பணி எதற்குப் பயன்பட்டது என்று பாருங்கள். கண்ணின் வில்லை மங்குவதே கண்புரை; முதுமையில் பெரும்பாலும் வருவது. மங்கிய வில்லையை அகற்றிச் செயற்கை வில்லை வைத்தால் பார்வை மீளும். அச்சுப் பிணைப்பவருக்கு இழை தெரிய வேண்டும். திராட்சைப் பந்தலில் கவாத்துச் செய்பவருக்கு மொட்டுத் தெரிய வேண்டும். பார்வை மங்கியதும், "வயதாகிவிட்டது" என்று தறியை விட்டு இறங்கியவர்களுள் எத்தனை பேருக்கு நோய் வயதன்று, புரையே! ஒரு முதியவர் தமக்குத் தேடிக்கொண்ட தொழில் மற்ற முதியவர்க்குத் தொழிலை மீட்டுத் தந்தது.

நம் சங்கங்கள் செய்யக்கூடியவை மூன்று. முதலாவது, முதுமையைக் காரணம் காட்டித் தறியை நிறுத்தும் அங்கத்தினரின் கண்ணை முதலில் பரிசோதிக்க ஏற்பாடு செய்தல். இரண்டாவது, குழித்தறியில் கால் மிதிக்க இயலாதவர்க்குத் தார் சுற்றுதல், அச்சுப் பிணைத்தல், துணித் தரம் பார்த்தல் போன்ற வேலைகளை ஒதுக்குதல். அதற்கு உரிய கூலியும் கொடுத்தல். கூலியில்லா வேலை கௌரவமாகாது. மூன்றாவது, எந்தப் பருவத்தில் கொடியை வெட்டினால் மழையில் குலை அழுகாது என்று அநுபவத்தால் அறிந்த முதிய விவசாயியிடம் இளைஞர் இருவரையேனும் ஒப்படைத்தல். அவ்வறிவை அவர் சொல்லாமல் போனால், அடுத்த தலைமுறை நஷ்டப்பட்டே கற்க வேண்டும்.

உடல் தளர்ந்தவர் ஓய்ந்திருக்கட்டும். அவர்களைப் பேணுவது நம் கடன். ஆனால் இயன்றவரையும் ஓய்ந்தவராக எண்ணி ஒதுக்குவது சங்கத்தின் மூலதனத்தைப் பூட்டி வைப்பதாகும். அடுத்த மகாசபையில், முன்வரிசைப் பெரியவரைத் தலைவர் எழுப்பி, "தங்களால் எது இயலும், ஐயா?" என்று கேட்பாராக. விடை நிச்சயம் கிடைக்கும்.