தாளைத் தின்னும் மை

ஆவணக் காப்பகத்தின் பகைவர்கள் என்றால் கரையான், இராமபாணம், பூஞ்சை, எலி என்று அடுக்குவது வழக்கம். இவையெல்லாம் வெளியிலிருந்து வருபவை. எழுதிய நாளிலேயே தாளுக்குள் குடியேறி, இருநூறு முந்நூறு ஆண்டுகள் பொறுமையாக அரிக்கும் பகை ஒன்றும் உண்டு. அது இரும்பு மாசிக்காய் மை. ஐரோப்பாவில் இடைக்காலம் முதல் 19ஆம் நூற்றாண்டு வரை அலுவலக எழுத்தில் பெரும்பகுதி இந்த மையால்தான் நடந்தது. சென்னை எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் இருக்கும் ஆங்கிலேய, டச்சுக் கம்பெனிகளின் கையெழுத்துத் தொகுதிகளும் இதற்கு விலக்கல்ல. அந்த டச்சு ஆவணங்கள், பிற நாடுகளில் உள்ள டச்சுக் கம்பெனி ஆவணங்களோடு சேர்த்து, 2003இல் யுனெஸ்கோவின் உலக நினைவகப் பதிவேட்டில் இடம்பெற்றவை.

மைக்கு வேண்டிய சரக்கு மூன்றும் இன்றைக்கும் நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும்: மாசிக்காய், அன்னபேதி (இரும்பு சல்பேட்), வேலம்பிசின். ஓக் மரத்தில் ஒருவகைக் குளவி முட்டையிட, உள்ளே புழு வளரும் இடத்தைச் சுற்றி மரம் எழுப்பும் கட்டியே மாசிக்காய். அதன் துவர்ப்புக்குக் காரணமான டானினிலிருந்து காலிக் அமிலம் பிரிந்து, அன்னபேதியிலுள்ள இரும்போடு சேர்கிறது. புதிதாகக் கலந்த மை வெளிறியே இருக்கும். தாளில் இறங்கிக் காற்றுப் பட்ட பிறகுதான் கறுத்து, நீரில் கரையாத பொருளாக மாறும். நாருக்குள்ளேயே கறுப்பதால் கழுவினாலும் போகாது. சுரண்டினால் சுரண்டிய தடம் காட்டிக்கொடுத்துவிடும். பத்திரம் எழுதுவோருக்கு வேறென்ன வேண்டும்?

கேடும் அதே கலவையில்தான் இருக்கிறது. வினை முடிந்ததும் கந்தக அமிலம் மிஞ்சுகிறது. அது செல்லுலோஸ் இழைகளைத் துண்டு துண்டாக வெட்டும். மாசிக்காய்க்குப் பொருந்தாத அளவில் அன்னபேதியை அள்ளிப் போட்டிருந்தால் நிலைமை இன்னும் மோசம். இணையாமல் நின்ற இரும்பு, தாள் ஆக்சிஜனோடு சேர்ந்து சிதைவதை வேகப்படுத்தும். காற்றில் ஈரம் ஏற ஏற இரண்டும் கோட்டைத் தாண்டிப் பக்கவாட்டில் பரவும். முதலில் எழுத்தைச் சுற்றிப் பழுப்பு வளையம் தோன்றும். பின்பு மறுபக்கத்தில் எழுத்தின் நிழல் தெரியும். அதன்பின் வெடிப்பு. கடைசியில் எழுத்து அப்படியே பெயர்ந்து விழுந்து, எழுத்தின் வடிவில் ஓட்டைகள் மட்டும் நிற்கும். மை தடித்துப் படிந்த இடங்களே முதலில் போகும். கையொப்பமும் அடிக்கோடிட்ட தலைப்பும் பெரும்பாலும் அவற்றில் சேரும்.

இதில் வியப்பான செய்தி ஒன்று உண்டு. ஒரே தொகுதியில், ஒரே அலமாரியில் இருந்த பக்கங்களிலும் ஓர் எழுத்தரின் பக்கங்கள் உறுதியாக இருக்க, அடுத்தவர் கையெழுத்து தொடங்கும் இடத்தில் தாள் பொடிந்துபோயிருக்கும். ஒரே அடுப்படியில் இருவர் வைக்கும் ரசம் ஒன்றாக இருப்பதில்லை. மையும் அவரவர் கைப்பக்குவந்தான். ஆகவே ஆண்டைப் பார்த்து ஆவணத்தின் ஆயுளைக் கணிக்க முடியாது. எந்தப் பக்கத்துக்கு ஆபத்து என்று அறிய, பாத்தோஃபெனாந்த்ரோலின் தோய்த்த சிறு காகிதத்தை ஈரப்படுத்தி எழுத்தின்மேல் ஒற்றுவார்கள். இணையாத இரும்பு இருந்தால் காகிதம் இளஞ்சிவப்பாகும்.

இந்த மையைச் சரியாக அறியாமல் செய்த மருத்துவம் ஏராளம். மைதாப் பசை தடவி ஷிபான் துணி ஒட்டுவது இந்தியக் காப்பகங்களில் நெடுநாள் வழக்கம். பசையின் ஈரமே இரும்பைப் பரப்பிவிடும் என்பது பிறகுதான் தெளிவானது. இந்திய தேசிய ஆவணக் காப்பகத்தில் இயந்திரமோ சூடோ இல்லாமல், அசிட்டோனால் செல்லுலோஸ் அசிடேட் படலத்தை ஒட்டும் கைமுறையை உருவாக்கினார்கள். தொடவே முடியாதிருந்த தாள்களை அது கையில் எடுக்க வைத்தது உண்மை. அமிலத்தை உள்ளேயே பூட்டியதும் உண்மை. பகலில் குளிர்சாதனத்தை ஓட்டி, மாலையில் அலுவலகத்தோடு சேர்த்து அதையும் நிறுத்துவது இவற்றையெல்லாம்விட மலிவான பிழை. ஈரம் நாள்தோறும் ஏறி இறங்குவதைக் காட்டிலும், சற்றுக் கூடுதலாயினும் ஒரே நிலையில் நிற்பது தாளுக்கு நல்லது. படம் எடுத்து முடித்ததும் மூலம் எதற்கு என்று கேட்பவர்கள், நீர்க்குறியும் அடித்துத் திருத்திய இடத்தில் மாறும் மையின் நிறமும் பல நேரங்களில் படத்தில் வருவதில்லை என்பதை மறக்கிறார்கள்.

சரியான மருந்து தவிட்டிலுள்ள ஒரு பொருளிலிருந்து வந்தது. தவிட்டில் இருக்கும் பைட்டிக் அமிலம் இரும்பை இறுகப் பற்றும்; உணவிலுள்ள இரும்புச்சத்து உடலில் சேர்வதை அது குறைப்பதும் இதனால்தான். இந்தக் குணத்தைப் பயன்படுத்தி நெதர்லாந்தின் யோகான் நேவெல் 1990களில் கால்சியம் பைட்டேட் முறையை வகுத்தார். தாளை அக்கரைசலில் நனைத்து இரும்பைக் கட்டி, கால்சியம் பைகார்பனேட் நீரில் அமிலத்தை முறித்து, தேவையானால் ஜெலட்டின் பூசி உலர்த்துவார்கள்.

ஆனால் இதற்குத் தொகுதியின் கட்டைப் பிரித்து ஒவ்வொரு தாளாக நனைக்க வேண்டும். நீரில் கரையும் வண்ணமோ முத்திரையோ இருந்தால் அதுவும் முடியாது. ஆயிரக்கணக்கான தொகுதிகள் உள்ள காப்பகம் எதிலும் மிகச் சிலவற்றுக்கே இந்தச் சிகிச்சை கிடைக்கும். வெடிப்பு கண்ட பக்கங்களில் மட்டும் ஜெலட்டின் பூசிய மெல்லிய ஜப்பானியத் தாளை மிகக் குறைந்த ஈரத்தில் ஒற்றி ஒட்டுவார்கள். மற்றவை அமிலமற்ற அட்டைப் பெட்டியில் படுக்கை வாட்டில் வைக்கப்பட்டு, கேட்டு வருபவருக்கு, தாளின் அடியில் அட்டை வைத்துத் தரப்படுகின்றன.