ஆறு புள்ளி எடுத்தும் வெளியேறுவது ஏன்?

2025 செப்டம்பர் 9, தோஹா. இந்தியாவின் 23 வயதுக்குட்பட்டோர் கால்பந்து அணி புருணையை 6-0 என்று வீழ்த்தியது. விபின் மோகனன் மட்டும் மூன்று கோல் அடித்தார். ஆறு நாள் முன்பு பஹ்ரைனையும் 2-0 என வென்றிருந்தார்கள். மூன்று ஆட்டங்களில் இரண்டு வெற்றி, ஆறு புள்ளி, ஒன்பது கோல். ஆனாலும் 2026 ஜனவரியில் சவூதி அரேபியாவில் நடந்த ஆசியக் கோப்பையில் இந்தியாவுக்கு இடம் கிடைக்கவில்லை. இந்த வயதுப் பிரிவின் ஆசியக் கோப்பைக்கு இந்தியா ஒருமுறைகூடத் தகுதி பெற்றதில்லை.

செய்தியைப் படித்த பலருக்கு எழுந்த கேள்வி நியாயமானது. இரண்டு வெற்றி போதாது என்றால் வேறு என்னதான் வேண்டும்? விடை, தகுதிச்சுற்றின் குழு அமைப்புக்குள் இருக்கிறது.

களத்தில் 44 அணிகள். அவை 11 குழுக்களாக, குழுவுக்கு நான்கு அணிகளாகப் பிரிக்கப்பட்டன. 11 குழுக்களிலும் முதலிடம் பிடித்தவர்களுக்கு நேரடி இடம். இரண்டாமிடம் பிடித்த 11 அணிகளில் சிறந்த நான்கிற்கு மட்டும் இடம். போட்டியை நடத்தும் சவூதி அரேபியாவோடு சேர்த்தால் 16. இந்தியா இருந்த எச் குழுவில் கத்தார், பஹ்ரைன், புருணை ஆகியவை மற்ற அணிகள். குழுவின் எல்லா ஆட்டங்களும் ஒரே நாட்டில், ஒரு வாரத்துக்குள் முடிந்துவிடும். ஒவ்வோர் அணியோடும் ஒரே ஒரு ஆட்டம்தான்.

பெரியவர்களின் ஆசியக் கோப்பைத் தகுதிச்சுற்றில் சொந்த மண்ணில் ஒன்று, எதிரணியின் மண்ணில் ஒன்று என்று ஆறு ஆட்டங்கள் உண்டு. ஒரு மாலை சறுக்கினாலும் மாதக்கணக்கில் ஈடுகட்ட அவகாசம் இருக்கும். இளையோருக்கு அந்த அவகாசம் இல்லை. மூன்றில் ஒன்று கைவிட்டுப் போனால், மீதி இரண்டையும் வென்றாலும் தலைவிதி அடுத்தவர் கையில்தான். தோஹாவில் நடந்தது அதுதான்.

செப்டம்பர் 6 அன்று கத்தாருடன் இரண்டாவது ஆட்டம். முதல் பாதியில் கத்தார் ஒரு கோல் போட்டது. இடைவேளைக்குப் பின் முகமது சுஹைல் சமன் செய்தார். 1-1. கால் மணி நேரம் கழித்து இந்தியத் தடுப்பாட்டக்காரர் ஒருவருக்குச் சிவப்பு அட்டை, கத்தாருக்குப் பெனால்டி. ஆட்டம் 2-1 என்று முடிந்தது. எச் குழுவில் இந்தியாவின் கதையை இந்த ஒரு நிமிடம் தீர்த்துவைத்தது என்றே நினைக்கிறேன். அந்த 1-1 நிலைத்திருந்தால் இந்தியாவின் கணக்கு ஏழு புள்ளி. முதலிடத்துக்கே போட்டியில் இருந்திருக்கும்.

புருணைக்கு எதிராக அடித்த ஆறு கோல் இதை ஈடுகட்டாதா? இங்கேதான் பலரும் குழம்புகிறார்கள். ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பின் விதிப்படி, ஒரே குழுவில் இரண்டு அணிகள் சமப் புள்ளியில் நின்றால் முதலில் பார்ப்பது அந்த இரண்டும் நேருக்கு நேர் மோதிய ஆட்டத்தின் முடிவை. மொத்தக் கோல் வித்தியாசம் அதற்குப் பிறகுதான். ஆகவே, தன்னை வென்ற கத்தாரைச் சமப் புள்ளியில் முந்த, புருணைக்கு எதிராக எத்தனை கோல் அடித்தாலும் பலன் இல்லை. ஆனால் வெவ்வேறு குழுக்களின் இரண்டாமிடங்களை ஒப்பிடும்போது நேருக்கு நேர் என்பதற்கே வழியில்லை. அங்கே புள்ளி, கோல் வித்தியாசம், அடித்த கோல்கள் என்று வரிசை போகும். புருணையுடனான வெற்றி உதவக்கூடிய ஒரே இடம் அது. அந்தப் பட்டியலிலும் இந்தியாவுக்கு மேலே நான்கு அணிகள் இருந்தன.

இதைவிட நெருக்கமாகவும் சமநிலை வரலாம். 2021 அக்டோபரில் ஐக்கிய அரபு அமீரகத்தின் புஜைராவில் நடந்த தகுதிச்சுற்றில் இந்தியாவும் கிர்கிஸ்தானும் கடைசி ஆட்டத்தில் 0-0 என்று முடித்தன. புள்ளியும் சமம், கோல் கணக்கும் சமம். கடைசி ஆட்டத்தில் மோதிய இரண்டு அணிகள் இப்படி நின்றால் அங்கேயே பெனால்டி உதைகள் வைத்து இடத்தைத் தீர்மானிக்க விதி இடம் தருகிறது. குழு ஆட்டத்தில் பெனால்டி உதைகளை நம்மவர்கள் அதிகம் பார்த்திருக்க மாட்டார்கள். இந்தியா 4-2 என்று வென்று இரண்டாமிடம் பிடித்தது. கையில் இருந்தது நான்கு புள்ளிதான் என்பதால், அதுவும் கோப்பைக்கு அழைத்துச் செல்லவில்லை. இந்த வழியும் பயன்படாதபோது மஞ்சள், சிவப்பு அட்டைகளின் கணக்கு வரும். அதற்கும் பிறகு குலுக்கல்.

கோல் மழையின் எல்லையைக் காட்ட இன்னோர் உதாரணமும் உண்டு. 2024 அக்டோபரில் தாய்லாந்தில் நடந்த 17 வயதுக்குட்பட்டோர் தகுதிச்சுற்றில் இந்தியச் சிறுவர்கள் புருணையை 13-0 என்று வென்றார்கள். துர்க்மெனிஸ்தானையும் 1-0 என வென்றார்கள். கடைசியில் போட்டியை நடத்திய தாய்லாந்திடம் 2-3 என்று தோற்றார்கள். 2025 ஆசியக் கோப்பைக்கு அவர்கள் போகவில்லை. தோஹாவில் பார்த்த அதே வடிவம்: இரண்டு வெற்றி, குழுவின் வலுவான அணியிடம் ஒரு கோலில் தோல்வி.

இப்போது யங்கூனுக்குப் போவோம். 2025 ஆகஸ்டில் 20 வயதுக்குட்பட்டோர் மகளிர் தகுதிச்சுற்று. இந்தியா இருந்த டி குழுவில் இந்தோனேசியா, துர்க்மெனிஸ்தான், மியான்மர். முதல் ஆட்டத்தில் இந்தோனேசியாவுடன் 0-0. கோல் இல்லாத ஆட்டம் என்று அன்று யாரும் பெரிதாகக் கொண்டாடவில்லை. அடுத்து துர்க்மெனிஸ்தானை 7-0 என்று வென்றார்கள். கடைசி நாளில் மியான்மரை, அவர்கள் ஊரிலேயே, அவர்கள் ரசிகர்கள் நடுவே எதிர்கொண்டார்கள். முதல் பாதியில் விழுந்த ஒரே கோலை ஆட்டம் முடியும்வரை காத்து 1-0 என்று வென்றார்கள். ஏழு புள்ளி, குழுவில் முதலிடம், இருபது ஆண்டுகளுக்குப் பின் அந்தக் கோப்பையில் இடம். ஸ்வீடனைச் சேர்ந்த யோவாக்கிம் அலெக்சாண்டர்சன் பயிற்சி தந்த அணி அது.

தோஹாவையும் யங்கூனையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டு இடத்திலும் இரண்டு வெற்றிதான். மீதமிருந்த ஓர் ஆட்டம் ஓரிடத்தில் தோல்வி, மற்றோரிடத்தில் டிரா. ஒரு புள்ளி வித்தியாசம். அந்த ஒரு புள்ளியை இந்தோனேசியாவுக்கு எதிராகத் தொண்ணூறு நிமிடம் கோல் விடாமல் ஆடிச் சம்பாதித்தார்கள். நம் தொலைக்காட்சி விவாதங்களில் எத்தனை கோல் அடித்தோம் என்பதே பேச்சு. எதைத் தோற்காமல் காப்பாற்றினோம் என்று கேட்பவர் குறைவு. குறுகிய குழுவில் முதலில் கேட்க வேண்டியது அதுதான்.

சில குழுக்களில் இரண்டாமிடத்துக்குப் பெயரளவில்கூட வாய்ப்பு இருக்காது. 2025 நவம்பரில் அகமதாபாத்தின் ஏகா அரங்கில் நடந்த 17 வயதுக்குட்பட்டோர் தகுதிச்சுற்றுக் குழு அப்படிப்பட்டது. இதே வயதுப் பிரிவின் 2025 உலகக் கோப்பைக்குப் போன ஆசிய அணிகளுக்கு நேரடி இடம் தரப்பட்டதால், எஞ்சிய இடங்கள் ஏழு குழுக்களின் முதலிடங்களுக்கு மட்டுமே. டி குழுவில் இந்தியா, ஈரான், லெபனான், பாலஸ்தீனம், சீன தைபே என்று ஐந்து அணிகள். பாலஸ்தீனத்துடன் 1-1, சீன தைபேயுடன் 3-1 வெற்றி, லெபனானிடம் 0-2 தோல்வி. கையில் நான்கு புள்ளி. நவம்பர் 30 அன்று ஈரானை வென்றால் மட்டுமே வழி. டிரா கூட உதவாது. அந்த ஆட்டத்தில் இருபது நிமிடத்துக்குள் ஈரான் முன்னிலை பெற்றது. இடைவேளைக்குச் சற்று முன் இந்தியாவுக்குப் பெனால்டி, 1-1. இரண்டாம் பாதி தொடங்கிய சில நிமிடங்களில் இந்தியாவின் இரண்டாவது கோல். மிச்சமிருந்த முக்கால் மணி நேரத்துக்கு நெருங்கிய பொழுதை, ஆசியாவின் பலமான அணிகளில் ஒன்றுக்கு எதிராக, பயிற்சியாளர் பிபியானோ பெர்னாண்டஸின் பையன்கள் கோல் விடாமல் கடந்தார்கள். 2-1. ஈரானை வென்றதே முதலிடத்தையும் தந்தது. அன்று பார்த்தவர்களுக்கு அது மறக்காது.

இத்தனை கணக்கும் யாருக்காக என்பதையும் நினைக்க வேண்டும். அகமதாபாத் குழுவில் ஆடத் தகுதி, 2009 ஜனவரி 1 அல்லது அதற்குப் பிறகு பிறந்தவர்களுக்கு. தோஹாவில் ஆடியவர்களுக்கு அந்த எல்லை 2003. தவறவிட்டால் பெரும்பாலானோருக்கு அதே வயதுப் பிரிவில் மறு வாய்ப்பு கிடையாது. அடுத்த முறை களமிறங்குவது வேறு பிள்ளைகள்.

ஆனால் விளைவு அந்தப் பிள்ளைகளையும் சேர்கிறது. குழுக்களைப் பிரிக்கும் குலுக்கலில் அணிகளை முந்தைய தொடர்களின் செயல்பாட்டை வைத்துத் தரவரிசைப்படுத்திப் பானைகளில் போடுகிறார்கள். ஒரே பானையில் இருப்பவர்கள் ஒரே குழுவில் வரமாட்டார்கள். கோப்பையில் ஆடாத நாடு கீழ்ப் பானைக்குப் போகிறது. அங்கிருந்து எடுபடும்போது அதன் குழுவில் தன்னைவிட வலுவான அணிகள் காத்திருக்கும். யங்கூனிலும் அகமதாபாத்திலும் கிடைத்த முதலிடங்கள், பின்னால் வரும் வயதுக்காரர்களின் குலுக்கலிலும் எண்ணப்படும்.