பின்னுரித்தாளியும் பங்குதாரரும்

இலங்கையில் ஊழியரின் சம்பளத்தில் 8 வீதமும் தொழில் வழங்குநரின் பங்காக 12 வீதமும் மாதந்தோறும் சேரும் ஊழியர் சேமலாப நிதி, 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்தது. அங்கத்தவர் மௌத்தானால் பணத்தைப் பெறுவதற்கென அவர் முன்கூட்டியே எழுதிவைக்கும் பெயருக்குரியவர் பின்னுரித்தாளி எனப்படுகிறார். வாரிசுகளின் பங்கை அல்லாஹ்வே வகுத்துவிட்டிருக்க மனிதன் ஒரு பெயரை எழுதலாமா என்று தயங்குவோரும், எழுதப்பட்டவருக்கே முழுப்பணமும் சொந்தம் என்று எண்ணுவோரும் முஸ்லிம் ஊழியரிடையே உள்ளனர். இரு சாராரும் பணத்தைக் கையேற்பதையும் உடைமையாக்கிக்கொள்வதையும் ஒன்றாகக் கருதுவதே குழப்பத்தின் வேர்.

மலேசிய தேசிய ஃபத்வாக் குழு 1973இல் இந்த முடிச்சை அவிழ்த்தது: சேமநிதியில் பெயர் குறிக்கப்பட்டவர் வஸீ, அதாவது இறந்தவரின் பொறுப்பை நிறைவேற்றுபவர் மட்டுமே; பணத்தை எடுத்து, மார்க்கம் கூறும் பங்கின்படி பிரித்துக் கொடுப்பது அவர் கடமை. இலங்கையிலும், மரண சாசனம் எழுதாமல் இறந்த முஸ்லிமின் சொத்து அவர் சார்ந்த மத்ஹபின் சட்டப்படியே பிரிக்கப்படவேண்டும் என 1931ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் கூறுகிறது.

மட்டக்களப்பு வாவியோரம் அமைந்த காத்தான்குடி, ஏறாவூர் போன்ற ஊர்களில் இவ்விடயம் கூடுதல் கனம் பெறுகிறது. மாப்பிள்ளை பெண் வீட்டில் குடிபுகும் இவ்வூர்களில், வீடுவளவைக் கலியாணத்தின்போதே மகளுக்கு எழுதிக்கொடுப்பது வழக்கமாதலால், தகப்பன் கண்மூடும்போது பிரிப்பதற்கென எஞ்சுவது பெரும்பாலும் இந்தப் பணமாகவே இருக்கிறது. மகளுக்குத்தான் வீடு போய்விட்டதே என்று மகன் நினைப்பது இயல்பென்றாலும், வாழ்நாளில் கொடுத்து ஒப்படைத்த அன்பளிப்பு வாரிசுப் பங்கிலிருந்து கழிக்கப்படுவதில்லை. பெற்றோர் உயிருடன் இல்லாத ஒருவர் மனைவி, ஒரு மகன், இரு மகள்மாரை விட்டுச் சென்று, அடக்கச் செலவும் கடனும் தீர்ந்தபின் 32 இலட்சம் ரூபாய் மிஞ்சினால், மனைவிக்கு எட்டிலொன்றாக 4 இலட்சமும், மகனுக்கு 14 இலட்சமும், மகள்மாருக்குத் தலா 7 இலட்சமும் சேரும். தாய் உயிருடனிருந்தால் ஆறிலொன்று அவருக்குரியது. குடும்பங்கள் எளிதில் மறப்பதும் இந்தப் பங்கையே.

காழி நீதிமன்றத்தின் அதிகாரம் விவாகம், விவாகரத்து, தாபரிப்பு போன்றவற்றோடு நின்றுவிடுகிறது. பணத்தை எடுத்த பின்னுரித்தாளி தங்கையின் பங்கைக் கொடுக்க மறுத்தால், பள்ளிவாசல் பெரியோரின் சமரசமும் பலிக்காதபோது, அவள் மாவட்ட நீதிமன்றத்தைத்தான் நாடவேண்டும்.