உணவுக் கணக்கில் இரும்புச்சத்து

இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களுள் நூற்றுக்கு 57 பேர் இரத்தசோகையுற்றவர்கள் என்பது 2019–21-இல் நடைபெற்ற தேசியக் குடும்பநல ஆய்வின் முடிவாகும். இந்நோய்க்கு இரும்புச்சத்துக் குறைவு ஒரு முக்கிய காரணம். ஆகவே ஒருவர் அன்றாடம் உண்ணும் உணவில் இரும்பு எவ்வளவு உள்ளது என்று கணக்கிடுதல் பயனுள்ள பணியாகும். முன்னர் தாளில் போடப்பட்ட இக்கணக்கை இப்போது கைப்பேசிச் செயலிகள் நொடியில் போட்டுவிடுகின்றன. ஆனால் செயலி தனக்கு அளிக்கப்பட்ட எண்களை மட்டுமே கூட்டும். அவ்வெண்கள் பிழைபட்டால் விடையும் பிழைபடும்.

முதலாவதாகக் கவனிக்க வேண்டியது உணவுச்சத்து அட்டவணை. ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிலையம் 2017-இல் 528 இந்திய உணவுப் பொருள்களை ஆராய்ந்து அட்டவணை வெளியிட்டது. அதன்படி 100 கிராம் கேழ்வரகில் 4.62 மில்லிகிராம் இரும்பு உண்டு. தீட்டிய பச்சரிசியில் 0.65 மில்லிகிராமே உண்டு. மண்ணும் வித்தும் மாறினால் சத்தும் மாறுமாதலால், அயல்நாட்டு அட்டவணையைக் கொண்ட செயலியை அப்படியே நம்புதல் தகாது.

இரண்டாவது, எடை. மைசூரு வட்டாரத்தில் 'முத்தே' எனப்படும் கேழ்வரகுக் களியை எடுத்துக்கொள்வோம். 100 கிராம் மாவு, நீரை ஏற்று 300 கிராம் களியாயிற்று எனின், அதிலுள்ள இரும்பு 4.62 மில்லிகிராமே. களியின் எடையை 'கேழ்வரகு மாவு' என்ற தலைப்பில் பதிந்தால் செயலி 13.86 மில்லிகிராம் எனக் காட்டும். கணக்கு மும்மடங்காகும், உடலுக்குக் கிடைப்பதோ கூடுவதில்லை. எனவே சமைக்குமுன் உள்ள எடையைக் கேட்டுப் பதிதலே முறை.

மூன்றாவது, உண்ட இரும்பு முழுவதும் இரத்தத்தில் சேர்வதில்லை. தானியங்களிலுள்ள பைட்டேட்டும் தேநீரிலுள்ள டானினும் அதைத் தடுக்கின்றன. இத்துறையில் மைசூரு மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் செய்த சோதனைகள் குறிப்பிடத்தக்கவை. வயிற்றிலும் சிறுகுடலிலும் நிகழும் ஜீரணத்தை ஆய்வுக்கூடத்தில் நிகழ்த்தி, மெல்லிய சவ்வினூடே கடந்துவரும் இரும்பை அங்குள்ள விஞ்ஞானிகள் அளந்தனர். 2010-இல் வெளிவந்த முடிவின்படி, முளைகட்டிப் பக்குவம் செய்த கேழ்வரகிலிருந்து அவ்வாறு கிடைக்கக்கூடிய இரும்பு மும்மடங்கிற்கு மேல் உயர்ந்தது. வெங்காயமும் பூண்டும் தானியங்களுடன் சேரும்போது இரும்பு கூடுதலாகக் கிடைக்கிறது என்பதும் அவ்வாண்டே வெளியாயிற்று. இவ்வேறுபாடுகள் யாவும் செயலியின் கூட்டுத்தொகையில் தோன்றுவதில்லை.

ஆகையால், பொருளையும் எடையையும் எழுதுவதோடு, முளைகட்டியதா, உடன் எலுமிச்சையோ நெல்லியோ உண்ணப்பட்டதா, உணவோடு தேநீர் அருந்தப்பட்டதா என்பவற்றையும் ஊழியர் குறித்துக்கொள்ள வேண்டும். ஒரு நாட்கணக்கு ஒருவரின் வழக்கத்தைக் காட்டாது; விடுமுறை நாளொன்றையும் சேர்த்துச் சில நாட்களுக்குப் பதிதல் நன்று. பள்ளியில் ஆசிரியர் இதனையே ஒரு பயிற்சியாக்கலாம்: மாவையும், அதனாற் செய்த களியையும் மாணவர் தாமே நிறுத்துப் பார்த்தால், எடையிற் பிழை நேரும் விதம் எளிதில் விளங்கும்.

வயதுவந்த பெண்ணுக்கு நாளொன்றுக்கு 29 மில்லிகிராம் இரும்பு தேவை என 2020-ஆம் ஆண்டுப் பரிந்துரை கூறுகிறது. உண்ணும் இரும்பில் சிறு பகுதியே உடலிற் சேரும் என்பதைக் கருதியே இவ்வளவு வகுக்கப்பட்டது. செயலியில் இந்த எண் நிறைந்துவிட்டது என்பதற்காக, மருத்துவர் அளித்த இரும்புச்சத்து மாத்திரையை ஒரு கருவுற்ற தாய் நிறுத்திவிடலாகாது. இரத்தசோகை உண்டா இல்லையா என்பதை இரத்தப் பரிசோதனையே கூறும். உணவுக் கணக்கு கூறுவது, அடுத்த வேளைத் தட்டில் எதைச் சேர்க்கலாம் என்பதை. அதைச் சரியாகக் கூறவேண்டுமாயின், பதிவு சரியாக இருத்தல் வேண்டும்.