கோப்பைக்கு யார் பணம் கொடுத்தது?

குற்றாலத்தில் சாரல் விழ ஆரம்பித்துவிட்டால் தென்காசிப் பக்கத்துப் பிள்ளைகள் என்ன செய்வார்கள் தெரியுமா? மைதானமெல்லாம் சேறாகக் கிடக்கும். கபடியும் இல்லை, கிரிக்கெட்டும் இல்லை. பரணில் கிடக்கும் கேரம் போர்டைத் தூசி தட்டி இறக்குவார்கள்.

மழைக்குப் பிறந்த இன்னொரு மேசை விளையாட்டும் உண்டு. அதுதான் ஸ்னூக்கர். 1875-ஆம் ஆண்டு ஜபல்பூரில் மழைக்காலம். வெளியே போக முடியாத ஆங்கிலேய ராணுவ அதிகாரிகள் மேசையில் 'பூல்' ஆடிக்கொண்டிருந்தார்கள். நெவில் சேம்பர்லின் என்ற இளம் அதிகாரி, அந்த ஆட்டத்தில் மேலும் சில வண்ணப் பந்துகளைச் சேர்த்துப் பார்த்தார். புது விளையாட்டு பிறந்தது! (பின்னாளில் இங்கிலாந்துப் பிரதமரான சேம்பர்லின் வேறு, இவர் வேறு.) பிறகு அவர் நம் ஊட்டிக்கு வந்தார். அங்குள்ள ஊட்டி கிளப்பில்தான் ஸ்னூக்கரின் விதிகள் ஒழுங்காக எழுதி மாட்டப்பட்டன.

'பூல்' என்ற பெயர் எப்படி வந்தது? ஆளுக்குக் கொஞ்சம் போட்டுப் பொதுவில் சேர்க்கும் பணத்துக்கு ஆங்கிலத்தில் அந்தப் பெயர் உண்டு. அந்தக் காலத்தில் ஆடுபவர்கள் எல்லோரும் பணம் வைப்பார்கள், வென்றவர் அள்ளிக்கொள்வார். பணம் வைத்து ஆடும் பேச்சே நமக்கு வேண்டாம். ஆனால் ஒரு போட்டியை நடத்தவும் பணம் வேண்டுமே, அது எங்கிருந்து வருகிறது? இதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

1927-இல் இங்கிலாந்தில் முதல் உலக ஸ்னூக்கர் போட்டி நடந்தது. அதற்காக முன்னின்று பாடுபட்டவர் ஜோ டேவிஸ் என்ற ஆட்டக்காரர். பத்துப் பேர்தான் சேர்ந்தார்கள். ஆளுக்கு 5 கினி நுழைவுக் கட்டணம். டேவிஸே வென்றார். அவருக்குக் கிடைத்த பரிசு 6 பவுண்டு 10 ஷில்லிங். அவ்வளவுதான்! டிக்கெட் வசூலில் ஆட்டக்காரர்களுக்குச் சேர வேண்டிய பங்கை எடுத்துத்தான் வெள்ளிக் கோப்பையே வாங்கினார்களாம். தம் பணத்தில் வாங்கிய கோப்பையைத் தாமே ஜெயித்த கதை! இன்றும் உலக சாம்பியன் கையில் தூக்குவது அதே கோப்பையைத்தான். பரிசுத் தொகை மட்டும் 5 லட்சம் பவுண்டு.

நடுவில் கம்பெனிகள் வந்தன. 1976 முதல் 2005 வரை அந்தப் போட்டிக்குப் பணம் கொடுத்தது ஒரு சிகரெட் கம்பெனி. உடம்பைக் கெடுக்கும் பொருளை விற்றவர்கள் விளையாட்டுக்குப் புரவலர்! சட்டம் வந்த பிறகுதான் அது நின்றது.

பரிசுப் பணம் வாங்கி, அதையே பிழைப்பாகக் கொண்டு ஆடுபவர் தொழில்முறை ஆட்டக்காரர். ஆசைக்காக ஆடுபவர் அமெச்சூர். 1958-இல் கல்கத்தாவில் உலக அமெச்சூர் பில்லியர்ட்ஸ் பட்டம் வென்ற வில்சன் ஜோன்ஸ், தனிநபர் விளையாட்டில் உலகப் பட்டம் பெற்ற முதல் இந்தியர். பெங்களூரின் பங்கஜ் அத்வானி 2024 வரை 28 உலகப் பட்டங்கள் வென்றிருக்கிறார். 2025 நவம்பரில் தோஹாவில் நம் சென்னைப் பெண் அனுபமா ராமச்சந்திரன் மகளிர் உலக ஸ்னூக்கர் பட்டத்தை வென்றார். இறுதி ஆட்டத்தில் 3-2.

ஸ்னூக்கர் மேசை 12 அடி நீளம், 6 அடி அகலம். துணிக்கு அடியில் கற்பலகை. அதை எல்லோராலும் வாங்க முடியாது. மணிக்கணக்கில் வாடகை கொடுத்துத்தான் ஆட வேண்டும். பெரிய போட்டிகளில் ஈரம் ஏறாமலிருக்க மேசைக்கு அடியில் சூடேற்றும் கருவி வைப்பார்கள்.

நாங்களும் வைத்தோம், அறுபது வாட்ஸ் குண்டு பல்பு! 1988-ஆம் ஆண்டு ஆடி மாதம், மேலகரத்தில் ஒரு வீட்டுத் திண்ணையில் கேரம் போட்டி நடத்தினேன். அப்போது நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. சாரல் ஈரத்தில் பவுடர் கட்டி கட்டியாகிவிடும், ஸ்ட்ரைக்கர் நகராது. அதனால் போர்டுக்கு மேலே பல்பைத் தாழக் கட்டினோம். 32 பேர், ஒரே போர்டு, தோற்றவர் வெளியே. எத்தனை ஆட்டம்? ஒவ்வோர் ஆட்டத்துக்கும் ஒருவர் வீட்டுக்குப் போவார். கடைசியில் ஒருவரே மிஞ்ச வேண்டும். ஆக 31 ஆட்டம். ஆட்டத்துக்கு அரை மணி என்றால் பதினைந்தரை மணி நேரம். சனி, ஞாயிறு இரண்டு நாளும் சரியாகப் போயிற்று.

கட்டணம் 2 ரூபாய். மொத்தம் 64 ரூபாய். பவுடர், பல்பு, சுக்குக் காப்பி, இரண்டு சின்னக் கோப்பை எல்லாம் அதற்குள்தான். ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் பேர் கொடுத்திருந்தான். காசு கொண்டுவரவில்லை. "நாளைக்குத் தாரேன் சார்" என்றான். கணக்கு இடிக்குமே என்று அவன் பெயரை அடித்துவிட்டு வேறொருவனைச் சேர்த்தேன். இரண்டு நாளும் அவன் தூணைப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்தான். கோப்பை கொடுத்து முடிந்ததும், "சும்மா ஒரு ஆட்டம் போடுவமா?" என்று வென்றவனைக் கூப்பிட்டான். எல்லோரும் பார்க்க, அவனைத் தோற்கடித்தான். நான் கணக்கு நோட்டைப் புரட்டுவதுபோல் குனிந்துகொண்டேன்.

அடுத்த ஆண்டு விதியை மாற்றினேன். காசு இல்லாதவர்கள் நாலு ஆட்டத்துக்கு ஸ்கோர் எழுதினால் போதும், கட்டணம் வேண்டாம். ஏழு பேர் அப்படிச் சேர்ந்தார்கள். அவன் வரவில்லை. அவன் வீட்டார் கேரளப் பக்கம் பிழைக்கப் போய்விட்டார்களாம்.

2024-இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் சென்னை காசிமா மூன்று தங்கம் வென்றார். அவர் அப்பா ஆட்டோ ஓட்டுநர். மகளுக்குக் கேரம் கற்றுக்கொடுத்தவரும் அவரே. தமிழக அரசு காசிமாவுக்கு 1 கோடி ரூபாய் பரிசளித்தது. அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்குத் தூணைப் பிடித்து நின்ற பையன்தான் நினைவுக்கு வந்தான்.

சரி, உங்கள் தெருவில் போட்டி வைக்கப் போகிறீர்களா? 32 பேர் சேராமல் 21 பேர்தான் வந்தால் என்ன செய்வீர்கள்? முதல் சுற்றில் சிலருக்கு ஆடாமலே அடுத்த சுற்றுக்குப் போகும் 'பை' கொடுக்க வேண்டும். 21-க்கு மேலே வரும் 2, 4, 8, 16, 32 வரிசை எண்ணிலிருந்து 21-ஐக் கழித்தால் எத்தனை பேருக்கு என்று தெரியும். மொத்தம் எத்தனை ஆட்டம் என்பதையும் போட்டுப் பாருங்கள். பெயர்களைச் சீட்டு எழுதிக் குலுக்கிப் போடுங்கள். நண்பனுக்கு 'பை' கொடுத்தீர்கள் என்று யாரும் சண்டைக்கு வர முடியாது!