ஓட்டாஞ்சில்லுகளும் எமது வரலாறும்

நூதனசாலைக் கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பதே முழு வரலாறு என்று பலரும் நம்பிவிடுகிறோம். ஆனால், ஆரம்பத்தில் சேகரித்தவர்கள் எதைத் தேடினார்களோ அதுவே பெரும்பாலும் அங்கே இருக்கிறது. இதற்கு யாழ்ப்பாணக் குடாநாடே நல்ல சான்று.

தெல்லிப்பழையிலிருந்து சுன்னாகம் பக்கமாகச் சென்றால் கந்தரோடை அதிக தூரமில்லை. சிவில் சேவை அதிகாரி போல் ஈ. பீரிஸ் 1917 அளவில் அங்கு ஆய்வு செய்தார். அவர் எழுதிய கட்டுரையின் தலைப்பே நாகதீபத்தையும் யாழ்ப்பாணத்துப் பௌத்த எச்சங்களையும் பற்றியதுதான். 1970இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழக நூதனசாலைக் குழு அதே இடத்தில் அகழ்ந்தபோது, கறுப்பு-சிவப்பு மட்பாண்ட ஓடுகள் பேசத் தொடங்கின. அங்கே 2,000 ஆண்டுகளுக்கும் முன்பே மக்கள் வாழ்ந்ததை அவை காட்டின. மண் ஒன்றே, கேட்ட கேள்விதான் வேறு.

எமக்கு நெருக்கமான கேள்வியைக் கேட்டவர் ஜோன் கார்ஸ்வெல். 1970களின் பிற்பகுதியில் சீனாவுக்கும் இஸ்லாமிய உலகுக்கும் இடையிலான கடல் வணிகத்தின் தடம் தேடி வந்த அவர், அல்லைப்பிட்டியில் கிடைத்த சொங் காலச் சீனப் பீங்கான்களை ஆராய்ந்தார். 1980 முதல் 1984 வரை மாந்தையில் அகழ்ந்தார். பாரசீக வளைகுடாப் பக்கத்து நீலப்பச்சை மெருகுப் பாண்டங்கள் அங்கே கிடைத்தன. போர்ச் சூழல் அந்த அகழ்வை நிறுத்தியது.

பட்டு மக்கிவிடும், மிளகு தீர்ந்துவிடும், குதிரை செத்துவிடும். உடைந்த ஓடு மட்டும் மண்ணில் கிடக்கும். ஊர்காவற்றுறைக்கு வரும் அந்நிய வணிகருக்குப் பாதுகாப்பளிக்கும்படி முதலாம் பராக்கிரமபாகு 12ஆம் நூற்றாண்டில் பொறித்த நயினாதீவுத் தமிழ்க் கல்வெட்டு, யானையும் குதிரையும் ஏற்றிவந்த மரக்கலங்களைப் பற்றியும் பேசுகிறது. ஊர்காவற்றுறை இருக்கும் அதே தீவிலுள்ள அல்லைப்பிட்டியின் ஓடுகள், அந்தத் துறையின் கடல் வணிகத்துக்குக் கைப்பிடிச் சாட்சி.

1990 ஒக்டோபரில் வடபுல முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது, வீட்டுப் பீங்கான்களும் சஹன் தட்டுகளும் அங்கேயே கிடந்தன. எஞ்சியவை இன்னும் சில வீட்டு அலுமாரிகளில் இருக்கக்கூடும். ஓர் ஓடு எங்கே, எந்த மண் அடுக்கில் கிடந்தது என்ற குறிப்பு இல்லாவிட்டால் அது வெறும் உடைசல். வீட்டுப் பாத்திரமும் அப்படித்தான். யாருடையது, எந்தத் தெருவில் இருந்தது, எந்த வைபவத்துக்கு எடுத்தார்கள் என்பதை மூத்தவர்களிடம் இப்போதே கேட்டு எழுதி, படமும் எடுத்து வைப்போம். நாம் கேட்காத கேள்வியை இன்னொருவர் வந்து கேட்பார் என்று காத்திருக்க முடியாது.