தொட்டில் முதல் சிறுபறை வரை: பிள்ளைகளோடு சேர்ந்து பாட

குழந்தைக்குப் பாட்டு என்றதும் இப்போது பலருடைய கை கைப்பேசிக்குத்தான் போகிறது. அதைவிட நல்ல பாட்டு வீட்டிலேயே இருக்கிறது. கருவில் ஆறு மாதம் கடந்ததிலிருந்தே பிள்ளை தாயின் குரலைக் கேட்டுக்கொண்டிருக்கிறது. பிறந்ததும் அது அடையாளம் காண்கிற முதல் ஓசையும் அதுதான். அந்தக் குரலுக்குச் சங்கீதம் தெரிந்திருக்க வேண்டும் என்று எந்தக் குழந்தையும் எதிர்பார்ப்பதில்லை.

எந்த வயதில் என்ன பாடுவது என்று குழம்புகிறவர்களுக்குத் தமிழிலேயே ஒரு வழிகாட்டி உண்டு: பிள்ளைத்தமிழ். அதன் பத்துப் பருவங்களையும் குழந்தை வளர்கிற வரிசையிலேயே அமைத்திருக்கிறார்கள். ஐந்தாம் மாதம் தலையை நிமிர்த்தி ஆடுவது செங்கீரை. ஏழில் தாலாட்டு, ஒன்பதில் கைகொட்டும் சப்பாணி, பிறகு முத்தம், வருகை, நிலாவை அழைக்கும் அம்புலி. ஆண்பிள்ளைக்குப் பாடும்போது சிற்றில், சிறுபறை, சிறுதேர் என்று முடியும். இந்த மாதக் கணக்கை அப்படியே பிடித்துக்கொள்ள வேண்டாம், ஒவ்வொரு பிள்ளையும் தன் வேகத்தில்தான் வளரும். ஆனால் உடம்பு எதைச் செய்யத் தொடங்குகிறதோ அதற்கேற்ற பாட்டைப் பாடுவது என்ற யோசனை அருமையானது. வீட்டில் இதைத்தான் பின்பற்ற வேண்டும்.

பெரியாழ்வார் இதற்கெல்லாம் முன்னோடி. யசோதையின் இடத்தில் தன்னை வைத்துக்கொண்டு கண்ணனைத் தொட்டிலில் இட்டும், நிலாவைக் கூப்பிட்டும், சப்பாணி கொட்டச் சொல்லியும், தளர்நடை நடக்கச் சொல்லியும் பாடியிருக்கிறார். கண்ணனுக்குத் தலைவார வரும்படி காக்கையைக் கூப்பிடுவதற்கென்றே தனியாக ஒரு பதிகம் இருக்கிறது. சீப்பைக் கண்டதும் ஓடுகிற பிள்ளையைப் பெற்றவர்களுக்கு அந்த உத்தி உடனே புரியும். தலைவாருவது, குளிப்பாட்டுவது, சோறூட்டுவது என்று அன்றாடம் மல்லுக்கட்டுகிற வேலை ஒவ்வொன்றுக்கும் ஒரு பாட்டை ஒதுக்கிவிடுங்கள். பாட்டு தொடங்கியதுமே அடுத்து என்ன நடக்கும் என்று குழந்தைக்குத் தெரிந்துவிடுவதால் அடம் குறையும். பெரியாழ்வார் ஆண் என்பதை இங்கே அப்பாக்களுக்கும் தாத்தாக்களுக்கும் நினைவுபடுத்துகிறேன். தாலாட்டு அம்மாவுக்கு மட்டும் உரியதில்லை.

தாலாட்டில் சொல்லைவிட வேகம் முக்கியம். ஏணையோ தூளியோ மரத்தொட்டிலோ, அது ஒருமுறை போய் வருகிற நேரமே பாட்டின் தாளம். குழந்தை சிணுங்கும்போது கொஞ்சம் விரைவாகத் தொடங்கி, கண் சொருகச் சொருக ஆட்டத்தையும் குரலையும் சேர்த்துத் தணிக்க வேண்டும். சொல் மறந்துபோனால் குழந்தையின் பெயரையும், மாமன், அத்தை, சித்தப்பா பெயர்களையும் போட்டு நிரப்புங்கள். நாட்டுப்புறத் தாலாட்டுகளும் அப்படி வளர்ந்தவைதான்.

கைகொட்டும் வயது வந்ததும் தாளத்தை விளையாட்டாக்கலாம். நம் இசையில் ஐந்து நடைகள் உண்டு: தகிட என்றால் மூன்று, தகதிமி என்றால் நான்கு, தகதகிட ஐந்து, தகிடதகதிமி ஏழு, தகதிமிதகதகிட ஒன்பது. நான்கில் தொடங்கி மூன்றுக்கு வாருங்கள். ஐந்தும் ஏழும் பள்ளிக்குப் போகிற அண்ணன், அக்காவுக்குச் சரியான சவால். ஒருவர் சொல்ல, ஒருவர் தட்ட, சின்னது தன் இஷ்டத்துக்குக் குதிக்கட்டும்.

சிறுபறைக்குக் கடையில் எதுவும் வாங்க வேண்டாம். எவர்சில்வர் டப்பா, சிரட்டை, கவிழ்த்த பாத்திரம் போதும். பெரிய பிள்ளை இருந்தால் ஜலதரங்கம் செய்து காட்டுங்கள். ஒரே அளவான பீங்கான் கிண்ணங்களில் வெவ்வேறு அளவு தண்ணீர் ஊற்றி மரக்குச்சியால் மெல்லத் தட்ட வேண்டும். தண்ணீர் கூடக் கூட சுருதி இறங்கும். ஏன் என்று பிள்ளை கேட்கும். தண்ணீரின் கனமும் சேர்ந்துகொள்வதால் கிண்ணம் மெதுவாக அதிர்கிறது என்று சொல்லுங்கள்.

பேசத் தொடங்கிய பிள்ளைக்கு அழ. வள்ளியப்பாவைத் தேடிப் பாருங்கள். புதுக்கோட்டைச் சீமை இராயவரத்தில் 1922இல் பிறந்து, வங்கியில் வேலை பார்த்துக்கொண்டே குழந்தைகளுக்காக எழுதியவர். அவருடைய 'மலரும் உள்ளம்' தொகுப்பில் அடிகள் குட்டையானவை, சொற்கள் பேச்சில் புழங்குபவை, அடிதோறும் கடைசியில் ஓசை ஒத்துவரும். அதனால் தெரிந்த ஏதாவது ஒரு மெட்டில் அவற்றைப் பாடிவிடலாம். கவிமணியின் குழந்தைப் பாடல்களும் அப்படியே. அடியின் கடைசிச் சொல்லைச் சொல்லாமல் நிறுத்திப் பிள்ளையின் முகத்தைப் பாருங்கள், அது சொல்லி முடிக்கும். ஒரே பாட்டை மறுபடி மறுபடி கேட்பதும் இந்த மகிழ்ச்சிக்காகத்தான். அடுத்து வருவது தனக்குத் தெரிகிறது என்பது அதற்குப் பெரிய விஷயம். உங்களுக்குச் சலித்தாலும் பாடுங்கள்.

சுருதி சேரவில்லை என்று மட்டும் திருத்தாதீர்கள். பெரும்பாலும் சொல் முதலில் வரும், பிறகு தாளம், அதன்பின் மெட்டின் ஏற்ற இறக்கம், சுருதி கடைசியில். அவசரப்படுத்தினால் பிள்ளை பாடுவதையே விட்டுவிடும், அது பெரிய இழப்பு.

பதிவு செய்த பாட்டு வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒலியாகப் போட்டு எல்லோரும் கூடப் பாடுவது நல்லது. திரையில் ஓடவிட்டுப் பிள்ளையை அதன் முன் உட்காரவைப்பது வேறு. இரண்டு வயது நிறையும்வரை திரையைப் பரிந்துரைப்பதில்லை என்றும், அதன்பின் ஐந்து வயதுவரை ஒரு நாளைக்கு 1 மணி நேரத்துக்கு மிகக் கூடாது என்றும் உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது. ஒலியின் அளவிலும் கவனம் தேவை. பிள்ளைகளுக்கு வாரம் 40 மணி நேரம் கேட்க 75 டெசிபல்தான் வரம்பு என்கிறது அதே நிறுவனம். அளக்கக் கருவி இல்லையா? பாட்டு ஓடும்போது குரலை உயர்த்தாமல் உங்களால் பேச முடிகிறதா என்று பாருங்கள். முடியாவிட்டால் குறைத்துவிடுங்கள்.

ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பாட்டியோ அத்தையோ பாடும் தாலாட்டு எந்தப் புத்தகத்திலும் இல்லாமல் இருக்கலாம். இந்த ஞாயிற்றுக்கிழமை அவரைப் பாடச் சொல்லிக் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். அவர் பெயரையும், ஊரையும், யாரிடம் கற்றார் என்பதையும் அவர் வாயாலேயே சொல்லவைத்துச் சேர்த்துக்கொள்ளுங்கள்.